சைக்கிள் கடைத் திருப்பம்

“பாப்பா, சைக்கிள் அண்ணன் இன்னைக்குக் கடை திறக்கலையா?”

டெலிபோன் அக்கா போனில் இப்படிக் கேட்டபோது நான் கதவுப் பக்கம் பார்த்தேன். சைக்கிள் அண்ணன் என்று அவர் சொன்னது என் அப்பாவை. அப்பா இறந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. அவர் கழற்றிப் போட்ட சட்டை கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்துத் துவைக்கலாமா, வேண்டாமா என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

“பாப்பா, லைன்ல இருக்கியா?”

அக்காவுக்கு ஆஸ்பத்திரியில் போன் எடுக்கும் வேலை. நாள் முழுக்க யாரிடமாவது இதையே கேட்டுக்கொண்டிருப்பவர். நான் போனை அம்மாவிடம் நீட்டினேன். அம்மா காதில் வைத்துக் கேட்டார். “எங்க இருக்கீங்க? எந்தக் கை?” என்று மட்டும் கேட்டார். பிறகு எழுந்து செருப்பைத் தேடினார். அப்பா போனதிலிருந்து அம்மா வாசல்படி தாண்டியது அதுதான் முதல் தடவை.

அம்மாவைப் பற்றி எழுத வேண்டுமென்றுதான் ஆரம்பித்தேன். ஆனால் அப்பாவை விட்டுவிட்டு அம்மாவை எழுத முடியாது என்று இந்த இரண்டு பத்திக்குள்ளேயே தெரிந்துவிட்டது.

அம்மாவின் வேலை, பார்வை இல்லாதவர்களுக்குத் தனியாக வெளியே போய்வரக் கற்றுக்கொடுப்பது. வெள்ளைக் கோலை எப்படிப் பிடிப்பது, எவ்வளவு அகலம் வீசுவது, பஸ் சத்தத்தை வைத்து ரோட்டின் திசையை எப்படிக் கண்டுபிடிப்பது, எல்லாம் அதில் வரும். கேட்பவர்கள் உடனே, “பாவம், கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போவீங்களா?” என்பார்கள். கையைப் பிடிப்பது ஆரம்பத்தில் கொஞ்ச நாள்தான். உண்மையான வேலை அதற்குப் பிறகு. மாணவர் முன்னால் போவார், அம்மா சத்தம் காட்டாமல் பின்னால் போவார். அவர் வழி தவறினாலும் பேசக் கூடாது. சுவரில் முட்டினாலும் பேசக் கூடாது. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும்தான் கை நீளும். “ஊர்ல எல்லாருக்கும் பேசுறதுக்குச் சம்பளம், எனக்கு வாயை மூடிட்டு இருக்குறதுக்கு” என்று அம்மா சிரிப்பார்.

அந்த நாட்களில் ரப்பர் செருப்புத்தான் போடுவார். வாசனை சோப்பு கிடையாது, பவுடர் கிடையாது. வளையலைக் கழற்றி வைத்துவிடுவார். அப்படியும் ஒரு தடவை, அம்மாவின் மாணவியான டெலிபோன் அக்கா நடு வழியில் நின்று, திரும்பாமலே, “டீச்சர், இன்னைக்கு வெங்காயம் நறுக்கிட்டு வந்தீங்களா?” என்று கேட்டாராம். அம்மா பதில் சொல்லவில்லை. பேசக் கூடாதே. வீட்டுக்கு வந்து எங்களிடம் சொன்னபோது அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். மறுநாளிலிருந்து காலையில் வெங்காயம் நறுக்குவது அப்பாவின் வேலை ஆயிற்று.

அப்பாவுக்குச் சைக்கிள் கடை. பஸ் நிறுத்தத்திலிருந்து வரிசையாகக் கடைகள், கடைசிக் கடை அவருடையது. அதைத் தாண்டியதும் இடது பக்கம் ஒரு தெரு திரும்பும். அந்தத் தெருவில்தான் ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், அம்மா வேலை பார்க்கும் பயிற்சி நிலையம் எல்லாம். திரும்பாமல் நேரே போனால் லாரிகள் போகும் பெரிய ரோடு. அதனால் அம்மாவிடம் கற்றவர்கள் எல்லோருக்கும் அந்தத் திருப்பம்தான் தலையாய பாடம்.

ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஓர் அடையாளம் வேண்டும். அதில் அம்மா கறார். “கடை மூடும், நாய் இடம் மாறும், மனுஷன் லீவு போடுவான். தரை மட்டும்தான் எங்கயும் போகாது” என்பார். அப்பா கடை முடியும் இடத்தில் நடைபாதை இடது பக்கம் சரிந்து இறங்கும். அந்தச் சரிவு பாதத்துக்குத் தெரிந்தால் திரும்ப வேண்டும். இத்தனைக்கும் அங்கே தன் புருஷன் உட்கார்ந்திருக்கிறார். அவரை அடையாளமாகச் சொல்லிக்கொடுக்கவே இல்லை.

“ஏம்மா டீச்சரம்மா, ஒரு மனுஷன் கல்லு மாதிரி இருபது வருஷமா அங்க உட்கார்ந்திருக்கேன். என்னைவிட அந்தச் சரிவு உசத்தியாப் போச்சா?” என்று அப்பா வம்புக்கு இழுப்பார்.

“சரிவுக்கு டீ குடிக்கப் போற பழக்கம் கிடையாது” என்பார் அம்மா.

அந்த மனிதர் ஒருநாள் காலையில் கடைக்குக் கிளம்பினார். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தவர், நாற்காலியில் உட்கார்ந்து, “ஒரு மாதிரியா இருக்கு” என்றார். அவ்வளவுதான்.

டெலிபோன் அக்கா அப்போது ஊரில் இல்லை, உறவுக்காரர் வீட்டுக்குப் போயிருந்தார். லீவு முடிந்து திரும்பியவர் வழக்கம்போலக் காலை பஸ்ஸில் இறங்கி நடந்திருக்கிறார். அவருக்கு யாரும் செய்தி சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அம்மா சொல்லும் நிலையில் இல்லை. திருப்பத்தைத் தாண்டிப் போய், பெரிய ரோட்டோரம் குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளத்தில் விழுந்துவிட்டார். தான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கே அவரைத் தூக்கி வந்து கட்டுப் போட்டார்கள்.

நானும் அம்மாவும் போனபோது வலது கை மணிக்கட்டு கட்டுக்குள் இருந்தது. பக்கத்தில் அக்காவின் தம்பி நின்றுகொண்டிருந்தார். அக்காவுக்குப் பார்வை போய் சில வருடங்கள்தான் ஆகின்றன. அது முதல் தம்பி வீட்டில்தான் இருக்கிறார். தம்பி கெட்டவர் இல்லை. பயந்தவர்.

“உங்க பயிற்சியை நம்பித்தானே விட்டோம், டீச்சர்?” என்றார். “கை போச்சு. அடுத்தது என்ன, தலையா? மாசக் கடைசியோட வேலையை விடச் சொல்லிட்டேன். வீட்டுல உட்கார்ந்து ரேடியோ கேட்டா போதும்.”

“நான் இன்னும் ‘சரி’ சொல்லலை” என்றார் அக்கா கட்டிலிலிருந்து. “டீச்சர், இவன் கோலை வாங்கிட்டான். வீட்டுல போய் பீரோ மேல வெச்சிடுவான். அது என்ன மிட்டாய் டப்பாவா, எனக்கு எட்டாம வைக்கிறதுக்கு?” பிறகு குரல் இறங்கியது. “அண்ணனுக்கு உடம்பு சரியில்லையா?”

அம்மா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, அக்காவின் நல்ல கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அக்கா வெகுநேரம் அழுதார். தம்பி ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

அழுது முடித்துவிட்டு அக்கா சொன்ன ஒரு வார்த்தையில்தான் எல்லாம் வெளியே வந்தது.

“அதான் தட்டலை. நான் தட்டு வரும் வரும்னு நடந்துட்டே இருந்தேன்.”

“என்ன தட்டு?” என்றார் அம்மா.

“ரிம்முல தட்டுவாரே, ரெண்டு தட்டு. ணங், ணங். அது கேட்டதும் இடது கைப் பக்கம் திரும்பிடுவேன். நீங்க சொல்லித்தானே அண்ணன் தட்டுனாரு?”

அம்மாவின் முகம் போன போக்கை நான் பார்த்தேன். அக்கா பார்க்கவில்லை. ஆனாலும் அம்மா பிடித்திருந்த கை மூலமாக ஏதோ தெரிந்திருக்க வேண்டும். “உங்களுக்குத் தெரியாதா டீச்சர்?” என்று மெதுவாகக் கேட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா தன் பழைய மாணவர் ஒருவருக்குப் போன் செய்தார். பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியார் அவர். “ஆமா டீச்சர், தட்டுவாரு. எனக்குப் பாட்டு வரும்ல, அதனால எனக்குன்னு தாளம் மாதிரி தட்டுறாருன்னு நினைச்சேன்” என்றார். அப்பா போன செய்தி அவருக்குத் தெரியும். அந்த வாரம் பள்ளிக்கூடம் விடுமுறை என்பதால் பிழைத்தார். இன்னொரு மாணவரும் அதையேதான் சொன்னார். அவரவர் தனக்காகத்தான் தட்டுகிறார் என்று நினைத்திருக்கிறார்கள். அதனாலேயே யாரும் யாரிடமும் சொல்லவில்லை.

போனை வைத்துவிட்டு அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். “அன்னைக்குச் சாப்பிடும்போது உங்கப்பா சொன்னார் இல்ல?” என்றார்.

எனக்கும் ஞாபகம் வந்தது. அந்தத் தெருவில் ரோடு புதிதாகப் போட்ட சமயம் அது. அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே, “ரோடு போட்டதுக்கப்புறம் உன் ஆளுங்க என் கடைகிட்ட தடுமாறுறாங்க” என்றார்.

“தடுமாறட்டும். தடுமாறித்தான் கத்துக்கணும். நீங்க பாட்டுக்குக் குறுக்க பூந்து கையைப் புடிச்சிடாதீங்க.”

“கையைப் புடிக்கலை. வாயையாவது திறக்கலாமா?”

“கூடாது. நீங்க உங்க பஞ்சரைப் பாருங்க.”

“சரிங்க டீச்சர்.”

அப்பா சொன்ன சொல் தவறவில்லை. கையையும் பிடிக்கவில்லை, வாயையும் திறக்கவில்லை. கடை முன்னால் பழைய ரிம் ஒன்று தொங்கும். தூரத்தில் வெள்ளைக் கோல் தெரிந்தால் ஸ்பேனரை எடுத்து அதில் இரண்டு தட்டுத் தட்டியிருக்கிறார். அம்மா எத்தனையோ முறை அந்த மாணவர்களுக்குப் பின்னால் போயிருக்கிறார், அந்தச் சத்தத்தையும் கேட்டிருக்கிறார். சைக்கிள் கடையில் இரும்புச் சத்தம் கேட்பதில் யாருக்கு என்ன சந்தேகம் வரும்? எல்லோரும் சரியாகத் திரும்புவதைப் பார்த்து, நம் பாடம் பிடிபட்டுவிட்டது என்று சந்தோஷப்பட்டிருக்கிறார்.

மறுநாள் அம்மா என்னையும் அழைத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போனார். பையிலிருந்து ஒரு வெள்ளைக் கோலையும் கறுப்புக் கண்கட்டையும் எடுத்தார். பயிற்சி கொடுப்பவர்கள் தாங்களே கண்ணைக் கட்டிக்கொண்டு வழியைச் சோதிப்பது உண்டு. “வண்டி வந்தா மட்டும் இழு. மத்தபடி வாயைத் திறக்காதே” என்றார்.

அம்மா நடந்தார். நான் பின்னால் போனேன். எதிரே வந்த ஒரு பெரியவர், “பாவம், அம்மாவைத் தனியா விட்டுட்டு நீ பின்னாடி கையை வீசிட்டு வர்றியே” என்று என்னைத் திட்டினார். வாயைத் திறக்கக் கூடாதே, தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனேன்.

கடைகள் ஒவ்வொன்றாகக் கடந்தன. அப்பாவின் கடை ஷட்டர் இறக்கி, பூட்டியிருந்தது. அம்மா அதைத் தாண்டினார். திருப்பத்தையும் தாண்டினார். கோலை அழகாக வீசிக்கொண்டு, கொஞ்சமும் தயங்காமல், நேரே பெரிய ரோட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். லாரிச் சத்தம் பக்கத்தில் வந்ததும் தானே நின்று கண்கட்டை அவிழ்த்தார். திரும்பிப் பார்த்தார்.

“சரிவே இல்லை” என்றார். “ரோட்டை உசத்திப் போட்டு நிரவிட்டாங்க. எப்பவோ போயிடுச்சு அது.”

தரை எங்கேயும் போகாது என்று இத்தனை பேருக்குச் சொன்னவர் அம்மா. தரை போன விஷயம் தெருவில் ஒருவருக்குத்தான் தெரிந்திருந்தது. அவர் சொன்னார். அம்மா கேட்கவில்லை.

திரும்பி வந்து கடையின் படியில் உட்கார்ந்ததும்தான் அம்மா உடைந்தார். அப்பா இறந்த அன்றுகூட இப்படி அழவில்லை. அதுவும் கோபமான அழுகை. “பாவி மனுஷன். ஒரு வார்த்தை திரும்பச் சொல்லியிருக்கக் கூடாதா? சண்டை போட்டாவது சொல்லியிருக்கலாம்ல? தட்டிக்கிட்டே இருந்துட்டு இப்ப இப்படி நடுவுல விட்டுட்டுப் போனா நான் என்ன பண்றது?” கையிலிருந்த கோலால் தரையை ஓங்கிக் குத்தினார்.

‘டொக்’ என்றது. மரச் சத்தம்.

அம்மா அழுகையை நிறுத்தினார். மறுபடி குத்தினார். டொக். கடையின் கடைசி முனையில், நடைபாதைக்குக் குறுக்கே, ஒரு ரப்பர் விரிப்பு கிடந்தது. அதைத் தூக்கினோம். கீழே தடிமனான பலகை. அதையும் இருவருமாக நெம்பித் தூக்கினோம். அடியில் சாக்கடை மேல் போட்ட இரும்புக் கம்பி மூடி. சைக்கிள் சக்கரம் கம்பிச் சந்தில் மாட்டிக்கொள்கிறது என்று அப்பா எந்தக் காலத்திலோ பலகை போட்டு மறைத்திருக்கிறார். கம்பிகளுக்கு நடுவே அழுக்கில் நட்டு, வாஷர், சக்கர அச்சில் போடும் பால்ரஸ் குண்டுகள், எல்லாம் துருப்பிடித்துக் கிடந்தன. பலகை போடுவதற்கு முன் அவர் கையிலிருந்து நழுவி உருண்டவை.

அம்மா கோல் முனையை அந்தக் கம்பிகள் மேல் இழுத்தார். கரகரவென்று இரும்பு பேசியது. செருப்பைக் கழற்றிவிட்டுக் காலால் மிதித்துப் பார்த்தார். நடைபாதையின் அகலம் முழுக்க அது இருந்தது. அதைத் தாண்டாமல் யாரும் போக முடியாது. சிமென்ட்டில் பதித்த மூடி, யாரும் எடுத்துப் போகவும் முடியாது.

“இதுதான்” என்றார். பிறகு குனிந்து எட்டிய பால்ரஸ் குண்டுகளைப் பொறுக்கிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். பலகையை அன்றே வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டோம்.

தம்பியைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. அம்மா அவர் வீட்டுக்குப் போய், “தப்பு உங்க அக்கா மேல இல்லை. வழியைச் சரிபார்க்காதது நான்” என்றார்.

“நீங்களே ஒத்துக்கிட்டா எப்படி நம்பி அனுப்புறது?” என்றார் தம்பி.

“அனுப்பாதீங்க. மாசக் கடைசி வரைக்கும் நான் கூட இருந்து சொல்லித் தர்றேன். அப்புறம் ஒருநாள் நீங்களே பின்னாடி வந்து பாருங்க. அதுக்கப்புறமும் பயமா இருந்தா நான் பேச மாட்டேன்.”

தம்பி அக்காவைப் பார்த்தார். அக்கா பீரோ இருந்த பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, “எடுத்துக் குடுக்குறியா, இல்ல நாற்காலி போட்டு ஏறட்டுமா?” என்றார். தம்பி எடுத்துக் கொடுத்தார்.

வலது கை கட்டுக்குள் இருந்ததால் அக்கா இடது கையில் கோல் பிடிக்கப் புதிதாகப் பழக வேண்டியிருந்தது. கோல் கோணல்மாணலாகப் போனது. “சின்ன வயசுல கோலம் போட்ட மாதிரி இருக்கு என் கை” என்று தன்னையே கிண்டல் செய்துகொண்டார். அம்மா தினமும் கூடப் போனார். துக்க வீட்டிலிருந்து இப்படித் தெருத் தெருவாகப் போகிறாளே என்று அக்கம்பக்கத்தில் பேசினார்கள். அம்மா காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சோதனை நாள் காலையில் அக்கா பஸ்ஸிலிருந்து இறங்கினார். கொஞ்சம் தள்ளி அம்மாவும் நானும், எங்களுக்குப் பின்னால் தம்பி. நாலு கடை தாண்டியிருக்க மாட்டோம், அக்கா நடந்தபடியே உரக்கச் சொன்னார்: “தம்பி, செருப்பு வார் அறுந்திருக்கு. சட்டு சட்டுங்குது. தைக்கக் கூடாதா?” தம்பி அசடு வழிய இரண்டு செருப்பையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்.

அப்பாவின் கடை அதற்குள் கைமாறிவிட்டது. ஷட்டர் திறந்திருந்தது. உள்ளே யாரோ சுவருக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். ரிம் தொங்கிய கொக்கி மட்டும் காலியாக இருந்தது. அக்கா அங்கே வந்தார். கோல் முனை கம்பி மூடியில் பட்டுக் கரகரத்தது. கால் அதன் மேல் ஏறியது.

அக்கா நின்றுவிட்டார்.

திரும்பவில்லை. நகரவுமில்லை. தலையைக் கொஞ்சம் சாய்த்து அப்படியே நின்றார். “மறந்துட்டாங்களா?” என்று தம்பி என் காதில் பதறினார். அம்மா கையை உயர்த்தி அவரை அடக்கினார். அப்போதும் அம்மா வாயைத் திறக்கவில்லை. பெயின்ட் அடிப்பவர்கூடப் பிரஷ்ஷை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார். பிறகு அக்கா கோலை இடது பக்கம் நகர்த்தி, திரும்பி, ஆஸ்பத்திரித் தெருவில் நேராக நடந்து போனார்.

ஆஸ்பத்திரி வாசலில் அம்மா போய் அவர் தோளைத் தொட்டார்.

“அங்க நின்னேன், பாத்தீங்களா?” என்றார் அக்கா.

“பாத்தேன்.”

“வழி தெரியாம நிக்கலை டீச்சர்.”

“தெரியும்” என்றார் அம்மா.

தம்பி சுவர்ப் பக்கம் திரும்பிச் செருப்பை மாட்ட ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். அக்கா உள்ளே வேலைக்குப் போய்விட்டார்.

பிறகு அம்மா தன் பழைய மாணவர்கள் ஒவ்வொருவரையும் கூட்டி வந்து, அதே இடத்தில் நிறுத்தி, கம்பி மூடியைக் காட்டினார். ஒவ்வொருவரும் அங்கே கொஞ்ச நேரம் நின்றார்கள். ஒவ்வொரு தடவையும் அம்மா பின்னால் பேசாமல் நின்றார். புருஷனை இழந்தவருக்கு ஒரு தடவை அழுதால் போதாதா? அம்மா தன் கையாலேயே அப்பாவை அந்த வழியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க வேண்டியிருந்தது.

இப்போது புது மாணவர்கள் வந்திருக்கிறார்கள். போன வாரம் நானும் கூடப் போனேன். “இரும்பு மூடி. அது காலுக்குக் கீழ வந்ததும் இடது” என்றார் அம்மா. புதிதாகச் சேர்ந்த பெண், “டீச்சர், இங்க என்ன கடை இருக்கு?” என்று கேட்டாள்.

“ஜெராக்ஸ் கடை” என்றார் அம்மா. “ஆனா அதை ஞாபகம் வெச்சுக்காதே. கடை மாறும்.”

அம்மா சொன்னது சரிதான். ஒருவர் தினமும் உயிரோடு வீடு திரும்ப வேண்டுமென்றால் அப்படித்தான் சொல்ல வேண்டும். அந்தப் பெண்ணுக்கு என் அப்பாவைத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. அவளுக்குப் பிறகு வருபவர்களுக்கும் இல்லை. கைக்குட்டையில் முடிந்த குண்டுகள் அம்மாவின் தலையணைக்கு அடியில் இருக்கின்றன. அவை யாருக்கும் வழி சொல்லாது.

அதனால்தான் இதை எழுதினேன். வழியில் அப்பாவுக்கு இடமில்லை, பேச்சிலாவது இருக்கட்டும். இதைப் படித்தவர்கள் இன்னொருவருக்குச் சொல்லுங்கள். பார்வை இல்லாத ஒருவர் உங்கள் பக்கத்தில் இருந்தால் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். ஒரு திருப்பத்தில் ஒரு மனிதர் இருந்தார், கையையும் பிடிக்காமல் வாயையும் திறக்காமல், வெள்ளைக் கோல் தெரிந்தால் இரண்டு தட்டுத் தட்டினார் என்று சொன்னால் போதும்.